வல்லைவெளியில் ஏறிய முள்

யாகப்பு காரைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஓடுகிற காரை எந்த மடையனாவது தள்ளிக்கொண்டு வருவானா? இவன் வந்தான். தங்கச்சியைப் பறிகொடுத்த நாளிலிருந்து அந்தப் பழைய ஒஸ்ரின் காரில் ஏறி உட்கார அவனுக்கு மனம் வரவில்லை.

"மச்சான், உந்தச் சூட்டு மீற்றரை ஒருக்காப் பார்," என்றான். மூச்சு வாங்கியது. "அண்டைக்கு எஞ்சின் உண்மையாக் கொதிச்சதோ, இல்லாட்டி முள்ளு சும்மா ஏறினதோ? எனக்கு அது தெரியோணும். தெரியாமல் சோறு இறங்குதில்லை."

சிமியோன் வாசற்படியிலிருந்து எழுந்து வந்தான். செத்துப்போனவள் அவன் பெண்சாதி யசிந்தா. நினைவுப் பூசை முடிந்த கையோடு இதென்ன சோதனை, மாதாவே! குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபோது கரவெட்டிக்கு ஓடிவந்தவர்கள் அவர்கள். சிமியோன் அங்கே ஒரு வேப்பமரத்தடியில் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தான். அன்றைக்கு இணுவிலுக்குத் தண்ணீர்ப் பம்ப் பார்க்கப் போயிருந்த நேரம் பார்த்து, நிறைமாதக்காரிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. மருத்துவிச்சி பயந்துபோய் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னாள். யாகப்புதான் தங்கச்சியைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பறந்தான். வல்லைவெளி நடுவில் முள் சிவப்புக்குப் போனது. ஒரு வீடில்லை, ஒரு மரமில்லை. நிறுத்தி, எஞ்சினை ஆறவிட்டு, பிறகு ஓடினான். ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே," என்றார்கள். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"நீ அங்காலை போய் இரு. நான் பாக்கிறன்," என்றான் சிமியோன்.

யாகப்பு கிணற்றடியில் போய், காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினான்.

அந்த மீற்றர் காரோடு வந்ததல்ல. பெற்றோலுக்குத் தடை வந்து, நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவேண்டிய காலம். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் சும்மா கொதிக்கும். அதனால் உடைந்த லொறி ஒன்றில் கிடந்த மீற்றரைக் கழற்றி, சிமியோனே வயர் இழுத்துப் பூட்டிக் கொடுத்தான். மச்சானின் கார் நடுவழியில் நிற்கக்கூடாதென்ற பாசம்!

சாவியைத் திருப்பினான். முள் அடியில் கிடந்தது. ஸ்ராட் பண்ணினான். அப்போதும் அசையவில்லை. பொனற்றைத் திறந்து, கார் கிடங்கில் விழுந்தெழும்புவதுபோல் முன்பக்கத்தை அமத்தி அமத்திக் குலுக்கினான். எட்டிப் பார்த்தால் முள் சிவப்பில் நின்றது. றேடியேற்றரில் கையை வைத்தான். வெதுவெதுப்புக்கூட இல்லை. எஞ்சினில் சூடறிகிற முனையிலிருந்து வயரைக் கழற்றிவிட்டான். அப்போதும் முள் இறங்கவில்லை. ஆக, எஞ்சினிலும் பிழையில்லை, மீற்றரிலும் பிழையில்லை. வயர் எங்கேயோ இரும்பில் முட்டி, முள்ளைச் சும்மா ஏற்றுகிறது.

வயரைத் தடவிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. எண்ணெய்க் குழாயோடு வயரைச் சேர்த்துக் கட்டியிருந்தது தங்கூசி, வலை பின்னுகிற நைலோன் நூல். வயரில் சுற்றுகிற கறுப்பு ரேப் எங்கும் கிடைக்காத நேரம். வலையோடு வளர்ந்த குருநகரான் வேறு எதைத் தேடுவான்? அப்பன் பழக்கிய முடிச்சைப் போட்டு இறுக்கியிருந்தான். ஓடிய அதிர்வில் தங்கூசி வயரின் தோலை அறுத்து, செம்பு வெளியே வந்து, குழாயின் இரும்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

ஐயோ! கொதிக்காத எஞ்சினுக்காக அவள் அந்த வெளியில் காத்துக் கிடந்திருக்கிறாள். வேறு யாரும் அல்ல, கட்டினவனின் முடிச்சுத்தான் அவளை அங்கே நிறுத்தியது. சிமியோன் பொனற்றுக்குள் தலையை விட்டபடி, சத்தம் வராமல் கையைக் கடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு தங்கூசியை வெட்டி எடுத்துச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு, பழைய சைக்கிள் ரியூப் துண்டை வயரில் சுற்றிப் பூட்டினான். கிணற்றடியில் இருப்பவனிடம் உண்மையைச் சொன்னால் அவன் அந்தக் கிணற்றிலேயே விழுவான். சிமியோனுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

"மச்சான், எழும்பி வா. எஞ்சின் கொதிச்சுத்தான் இருக்கு. தண்ணி ஓடுற வழி அடைச்சுக் கிடந்தது, இப்ப எடுத்துப்போட்டன். நீ நிப்பாட்டாமல் விட்டிருந்தால் எஞ்சின் இறுகி அங்கையே நிண்டிருக்கும்."

"உண்மையாவோ?"

"ஓமடா. நீ செய்தது சரி."

யாகப்பு சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான். அழுது முடித்துச் சாரத்தால் முகத்தைத் துடைத்தான்.

"இனி உனக்கு ஒண்டு சொல்லலாம், மச்சான். எஞ்சின் எரிஞ்சா எரியட்டும் எண்டு நான் நிப்பாட்டாமல் ஓடத்தான் பாத்தன். தங்கச்சிதான் விடேல்லை. 'அவர் பூட்டின முள்ளு பொய் சொல்லாது, நில்லுங்கோ அண்ணை, ஆறவிட்டுப் போவம்' எண்டவள்."

சிமியோனின் கை சாரத்து மடிப்பில் தங்கூசியை இறுகப் பிடித்திருந்தது.

"உதை ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"செத்தவளிலை பழியைப் போடுறதோ? இப்பதானே தெரியுது, அவள் சொன்னதுதான் சரியெண்டு."

"பிறகு? வேறை ஏதும் சொன்னவளோ?"

"இல்லை, மச்சான். அதுக்குப் பிறகு அவள் கதைக்கேல்லை."

யாகப்பு கதவைத் திறந்து, சிலுவை போட்டுக்கொண்டு, அத்தனை நாளுக்குப் பிறகு ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பி முள்ளைப் பார்த்தான்.

"நீ பயப்பிடாமல் போ," என்றான் சிமியோன். "அது இனி ஏறாது."