பென்சில் பாறை

மைப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திறந்து கிடந்த அப்பாவின் அளவை நோட்டின் முன்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த அறையில் அப்பா மூச்சு விடும் சத்தம் கேட்டது. அது கேட்கக் கேட்கப் பயமாக இருந்தது. நின்றுவிட்டால் என்ன செய்வது?

"ஒரு வரி எழுத இவ்வளவு நேரமாடி?" என்று சமையலறையிலிருந்து அத்தை கேட்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது. அப்பா ஏதோ கணக்கை நேர்செய்யச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா முப்பத்தெட்டு வருடம் கடலை அளந்தவர். பெருங்கடலை அல்ல. மூன்று நாடுகள் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு குறுகிய வாய் உள்ள உள்கடலை. ஒருமுறை உள்ளே வந்த தண்ணீர் முழுக்க மாறி வெளியேற முப்பது வருடம் ஆகும் என்று உப்பை அளந்து சொன்னவர் அவர்தான். அதோடு விட்டாரா? பழைய மாலுமிகள் வரைந்த கடல் படங்களைத் தேடிப் படித்தார், எல்லை ஒப்பந்தங்களைக் கரைத்துக் குடித்தார். இந்தக் கடலைப் புரிந்துகொள்ள ஒரு படிப்புப் போதாது என்பார். மகள் சட்டம் படித்து எல்லை ஆணையத்தில் வக்கீலானதும் அவர் தலையெழுத்தில் பாதி அவளுக்கு வந்துவிட்டது என்று அத்தை சிரிப்பாள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணால் கண்டதை மையில் எழுதுவார். கேட்டதை, படித்ததை, ஊகித்ததைப் பென்சிலில் எழுதுவார். வீட்டிலும் அப்படித்தான். மகள் 'கணக்கில் தொண்ணூறு' என்று வந்து சொன்னால் காலண்டரில் பென்சிலால் குறிப்பார். விடைத்தாளைப் பார்த்த பிறகுதான் மை. ஆபீசில் அவருக்குப் 'பென்சில்' என்றே பட்டப்பெயர்.

நோட்டின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பாறை இருந்தது. நீர் இறங்கும் நேரத்தில் தலைகாட்டும் பாறை. அப்படித் தலைகாட்டினால் சட்டத்தில் அதற்குத் தனி மரியாதை. கரையிலிருந்து அளக்கும் எல்லையை அங்கிருந்தே அளக்கலாம். அச்சிட்ட வரைபடத்தில் அது கருப்பாக, கம்பீரமாக நின்றது. அதை நம்பித்தான் கடலோரக் காவலர்கள் எதிர்க்கரைப் படகுகளை அந்தப் பக்கம் அண்டவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதை நம்பித்தான் எல்லை வழக்கின் திங்கட்கிழமை விசாரணைக்காக மகள் ஐம்பது பக்கம் வாதம் எழுதியிருந்தாள். 'அளவையாளர் நேரில் கண்டது' என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தாள்.

நோட்டில் அது பென்சிலில் இருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அப்பா சொன்னார்.

"அம்மாடி, அது மேல மை போட்டுடு."

"ஏம்ப்பா? நீங்க பாத்ததுதானே?"

அவர் கூரையைப் பார்த்தார். "பழைய படத்துல இருந்துச்சு. போனேன். தூரத்துல அலை உடையுறதப் பாத்தேன். கிட்டப் போகல."

"ஏன்?"

"பயந்துட்டேன். படகு ஆடுன ஆட்டத்துல உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. நாலு வயசு உனக்கு. திருப்புடான்னுட்டேன்." மூச்சு வாங்கினார். "ஆபீஸ்ல பாத்தீங்களான்னு கேட்டாங்க. ம்னு சொல்லிட்டேன். அவ்ளோதான்."

"அப்பா..."

"என் பேரு கெட்டுடும்மா. உன் வேலையும் போயிடும். போட்டுடுறியா?"

அவர் கண்ணில் இருந்த பயத்தை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்தப் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. பேனா எடுத்து வருகிறேன் என்று இந்த அறைக்கு வந்துவிட்டாள்.

பேனா முள்ளை இரண்டு முறை தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இரண்டு முறையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மூன்றாவது முறை கொண்டுபோனபோதுதான் உறைத்தது, அடுத்த அறையில் சத்தம் கேட்கவில்லை.

ஓடிப்போனாள். அப்பாவின் முகம் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

தெருமுனை டாக்டர் வந்தார். தொட்டுப் பார்த்தார், படிவத்தை எடுத்தார்.

"உயிர் போன நேரம்?"

"மூணே கால்னு போடுங்க டாக்டர்," என்றாள் அத்தை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பொண்ணு பக்கத்துலயேதான் இருந்தா."

டாக்டர் மகளைப் பார்த்தார். தலையாட்டினால் முடிந்தது. ஒரு 'ம்' போதும்.

"இல்ல. நான் பாக்கல," என்றாள். "பக்கத்து ரூம்ல இருந்தேன். வந்தப்போ மூணே கால்."

அத்தை அவளை முறைத்தாள். மகள் அத்தையைப் பார்க்காமல் அப்பா பக்கம் திரும்பினாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஆணையத்தின் இயக்குநர் வந்தார். அப்பாவிடம் வேலை கற்றவர். உண்மையாகவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஓரமாக அழைத்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. அசல் நோட்டு வேணும்னு எதிர்த்தரப்பு மனு போட்டிருக்கு. இருக்குல்ல?"

அவள் மேஜைக்கு அழைத்துப் போனாள். அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. அந்தப் பென்சில் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு மேஜைமேல் திறந்து கிடந்த பேனாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நல்லவேளை, இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான்," என்றார் மெதுவாக. "திங்கக்கிழமை கொண்டு வாங்க. எப்படிக் கொண்டு வரணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அவரு பேரும் இருக்கு. உங்க பிழைப்பும் இருக்கு."

அப்பா சொன்ன அதே இரண்டு காரணங்கள். வேலை போகும், வாடகை வீடு போகும், நாளைக்குப் பேப்பரில் அப்பாவைப் பொய்யர் என்று எழுதுவார்கள். எல்லாம் வரிசையாக வந்து பயமுறுத்தின.

"இப்படியேதான் சார் கொண்டு வருவேன்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் படியிறங்கிப் போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் வரைக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் சட்டைப் பையில் எப்போதும்போல் குட்டைப் பென்சில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு மிச்சத் தாள்களில் அவர் அன்றாடக் குறிப்பு எழுதி வந்த கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். காற்று, வெயில், மருந்து என்று நேற்றுவரை அவர் கையெழுத்து இருந்தது.

அதற்குக் கீழே தேதியைப் போட்டு, 'அப்பா போனது மூன்று மணிக்கு மேல் இருக்கலாம்' என்று பென்சிலில் எழுதினாள்.

"பேனாவ மூடாம விட்டிருக்க பாரு, மேஜையெல்லாம் மை," என்று அத்தை அடுத்த அறையிலிருந்து கத்தினாள்.

மூடி இன்னும் அவளுடைய இடது கைக்குள் இருந்தது.