பாலத்தை அழைத்து வந்தவள்

பைபாஸ் சாலைக்கு மேல் கட்டிய புதிய நடைபாலம், மேற்குத் தெருக்காரர்கள் தன்னை முறையாக அழைக்கவில்லை என்று அந்தப் பக்கத்துக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கிழக்கில் தாம்பாளத்தோடு போய் அழைத்திருந்தார்கள். மேற்கில் பிளெக்ஸ் கட்டியதோடு சரி. கிழக்கிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்கள் நுனிவரை வந்து, கீழே ஓடும் லாரிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

“கோபம் நியாயந்தான். அதுக்காக நாமளா முதல்ல போகணும்?” என்றார் மேற்குத் தெருக் கதிரேசன்.

அவர் மனைவி பரிமளம் மொட்டைமாடிக்குப் போனாள். அவளுடைய அக்கா தனபாக்கியம் சாலைக்கு அந்தப் பக்கம், கிழக்கில் இருந்தாள். மொட்டைமாடியில் நின்றால் அக்கா காயப்போடும் புடவை தெரியும். தன் மகன் கல்யாணத்தின்போது சாலையைக் கடக்கப் பயந்து பரிமளம் அக்காவுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அக்காவிடம் பேச்சில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூருக்கு, தன் மகனிடமே போய்விடப் போகிறாள்.

சனிக்கிழமை காலை பரிமளம் பட்டு உடுத்தி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு பாலத்தடியில் போய் நின்றாள்.

“தப்பு எங்க மேலதான். மனசுல வெச்சுக்காம வீட்டுக்கு வரணும்.”

பாலம் கொஞ்சம் பிகு பண்ணியது. பிறகு குங்குமம் எடுத்துக்கொண்டு, அவள் பின்னாலேயே தெருத்தெருவாக நீண்டு வந்தது. வாசலில் பரிமளம் தண்ணீர் ஊற்ற, காலைக் கழுவிக்கொண்டு கூடத்தில் ஊன்றியது. கதிரேசன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

இலை போடும்போது தனபாக்கியம் பாலத்திலிருந்து இறங்கினாள்.

“உன் வீட்டுக்கு நான் வரலைடி. பாலம் இங்க கொண்டாந்து விட்டுடுச்சு.”

“சரிக்கா. உட்காரு.”

“உட்கார வரலை. என்ன குழம்பு?”

“வத்தக்குழம்பு.”

“உப்பை அள்ளிக் கொட்டியிருப்பே,” என்றபடி உட்கார்ந்தாள்.

மறுசோறு போடும்போது போதும் என்று தடுக்க வந்த அக்காவின் கை, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தது. விடவில்லை.

“ஓசூருக்கு வந்து கூப்பிடு. தபால்ல கூப்பிடாதே.”

சைக்கிள்கள் மணியடித்தபடி கூடத்தில் இறங்கி வாசல் வழியாகப் போயின. “மாமா, காலு!” என்றான் ஒருவன். கதிரேசன் காலை மடக்கிக்கொண்டார்.

திடீரென்று லாரிச் சத்தம் நின்றது. கதிரேசன் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

“பைபாஸ் ரோடு தெருமுனையில மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு நிக்குது. அதை யாரும் கூப்பிடலையாம்.”

பரிமளம் தாம்பாளத்தைத் துடைத்தாள்.

தனபாக்கியம் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள். “நீளமான ஆளு. நாலு இலையைச் சேர்த்துப் போடு.”