ஒன்றரை மைக்ரான்

லூர்துமேரி அத்தை மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, அவித்துத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலையில் லேபுக்கு வந்தார். திண்டிவனத்தில் தண்ணீர் பரிசோதனை செய்கிற சின்ன லேப். நான் அதில் டெக்னீஷியன். அத்தை எங்கள் காலனிக்காரர், என் அம்மாவோடு நடவுக்குப் போகிறவர்.

"இந்தா வேணி, சூடா இருக்கும்போதே தின்னு. மனுவ வாபஸ் வாங்கிட்டோம்" என்றார்.

என்ன மனு என்று எனக்குத் தெரியும். மயிலம் போகிற வழியில் உள்ள அரிசி ஆலை, நெல் அவித்த தண்ணீரை எங்கள் ஏரி வாய்க்காலில் விடுகிறது என்று காலனிப் பெண்கள் விழுப்புரம் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் மனு கொடுத்திருந்தார்கள். டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள் ஆபீசில். அதனால் வாய்க்கால் தண்ணீரைக் கேனில் பிடித்து எங்கள் லேபுக்கே கொண்டுவந்தார்கள். ரிப்போர்ட் நேராக ஆபீசுக்குப் போனது. தண்ணீரில் கரையாமல் கிடக்கும் தூசு லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. என் ரிப்போர்ட்டில் எண்பத்து நான்கு.

"ஏன் அத்தை வாபஸ்?"

"பின்ன? விழுப்புரத்துல கூப்ட்டு விசாரிச்சாங்க, எல்லார் எதிர்லயும் உன் ரிப்போர்ட்ட ஆலை மேனேஜர் படிச்சான். நம்ம பொம்பளைங்க லேப்பே பொய்யின்னு கத்தறாளுங்க. நான்தான் அடக்கனேன். கையெழுத்து யாருதுன்னு பாருங்கடி, நம்ம வேணிது, அது பொய் எழுதாதுன்னேன். நமக்குத்தான் கண்ணு தெரியலன்னு சொல்லி, எழுந்து நின்னு அந்தாளுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போகிற வரைக்கும் அவர் முகத்தைப் பார்க்காமல் குடுவைகளையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலமாரியில் இரண்டு பெட்டி இருக்கும். இரண்டிலும் அப்பளம் போல வட்டமாக, வெள்ளை வெளேரென்று கண்ணாடி இழை ஃபில்டர். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றின் கண், அதாவது துளை, ஒன்றரை மைக்ரான், பார்வைக்கே தெரியாத அளவு. பொடித் தூசைக்கூட விடாது, அதனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். இந்தச் சோதனைக்கு அதைத்தான் போட வேண்டும். மற்றது கொஞ்சம் பெரிய கண். சேற்றுத் தண்ணீரை முதல் தடவை வடிப்பதற்காக வைத்திருப்பது. அதில் தண்ணீர் மளமளவென்று இறங்கும், பொடியும் கூடவே இறங்கிவிடும்.

போன வெள்ளிக்கிழமை சரியான ஃபில்டரைத்தான் முதலில் வைத்தேன். நெல்லுக் கஞ்சியும் தவிடும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. நாலரை மணிக்கு அரை டம்ளர்கூட இறங்கவில்லை. கொஞ்சமாகத் தண்ணீர் எடுத்து மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனால் புது ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, எடை போட ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஊருக்கு ஐந்து பத்துக்கு வண்டி, விட்டால் ஏழு மணி. வீட்டில் யாருக்கும் உடம்பு முடியாமல் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் இன்று சொல்லிக்கொள்ளவாவது ஆகும். கால் வலித்தது, அவ்வளவுதான்.

வேறு வேலைக்காக எடை போட்டு வைத்திருந்த பெரிய கண் ஃபில்டர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் வடிந்து முடிந்தது. ஃபில்டரை ஓவனில் காயவைத்தால் போதும், எடை போட்டு ரிப்போர்ட்டை அனுப்புவது மறுநாள் காலை வேலை. கீழே குடுவையில் இறங்கிய தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராட்டம் வெள்ளையாக இருந்தது. பார்த்தேன். பார்க்காதவள் மாதிரி சிங்கில் ஊற்றினேன். படிவத்தில் 'ஒன்றரை மைக்ரான்' என்று முன்பே அச்சடித்திருக்கும். நான் மெனக்கெட்டுப் பொய் எழுத வேண்டியதுகூட இல்லை, கையெழுத்துப் போட்டால் போதும்.

ஓடிப்போய் வண்டியைப் பிடித்தேன். கேனைக் கொடுத்துவிட்டு டவுனில் வேலை பார்த்துத் திரும்பிய லூர்துமேரி அத்தை, பக்கத்து சீட்டில் எனக்காகத் துண்டு போட்டு வைத்திருந்தார்.

"நம்ம தண்ணி என்னாச்சி?"

"பாத்துக்கினு இருக்கேன் அத்தை" என்றேன்.

வியாழக்கிழமை அத்தை லேபை விட்டுப் போனதும் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மீதித் தண்ணீர் இருந்தது. ஆறு நாள் ஆகியிருந்தது, ஏழு நாள் வரைக்கும் சோதிக்கலாம். ஒன்றரை மைக்ரானை எடுத்து முறைப்படி எல்லாம் செய்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை குடுவையில் இறங்கிய தண்ணீர் தெளிவாக இருந்தது.

நூற்று நாற்பத்திரண்டு.

லேப் நடத்துகிற சீனுவாசன் சார் புது ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். "தப்பு யார் பண்ணதுன்னு இதுல எழுதணும். உன் வேலைக்கே பேஜாராயிடும் வேணி."

"எழுதிட்டேன் சார்."

ஏழு மணி வண்டியில் ஊருக்குப் போனேன். அத்தை வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி மாற்றி எடுத்ததை, வெள்ளைத் தண்ணீரைச் சிங்கில் ஊற்றியதை, வண்டிக்காக அவசரப்பட்டதை. அவர் அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

"அஞ்சு பத்து வண்டியா?" என்றார்.

"ஆமா அத்தை."

கையில் இருந்த சாம்பலைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"காலையில மொத வண்டிக்கு வந்துடு. விழுப்புரத்துல, அந்த மேனேஜரையும் கூப்பிடச் சொல்லி அவன் எதிர்ல, நான் எழுந்து நின்ன எடத்துல நீ எழுந்து நின்னு இத சொல்லு."

"சொல்றேன் அத்தை."

மறுநாள் வண்டியில் ஏறியபோது அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது. துண்டு அவர் தோளில் கிடந்தது. நான் விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.