பாரா மாற்ற ஆளில்லாத ஊர்

கோஸ்டா ரிக்கா தன் ராணுவத்தைக் கலைத்த பிறகும் சான் எப்ரைன் ஊரில் ஒரே ஒரு சிப்பாய் மட்டும் கலையாமல் நின்றுகொண்டிருந்தான். எலாதியோ சனாப்ரியா என்று பெயர். பட்டாளக் கொட்டடி வாசலில், தோளில் துப்பாக்கியோடு, மழையில் நனையாமல், வெயிலில் கறுக்காமல், வயதும் ஏறாமல் நின்றான். அவனுடைய நிழல் காலை எட்டு மணிக்கு விழுந்த இடத்திலேயே கிடந்தது. மாலையில் ஊரிலுள்ள நிழலெல்லாம் கிழக்கே நீளும்போது அது மட்டும் மேற்கே நீண்டிருக்கும். தெரு நாய்களுக்கு அது வசதியாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். நாற்பத்தெட்டாம் வருடம் டிசம்பர் மாதத்துக் காலையில் அவனை வாசல் காவலுக்குப் பாரா நிறுத்திவிட்டு, கார்ப்பரல் நபோர் உரேன்யா எதிர்ச்சாரியில் முடிவெட்டிக்கொள்ளப் போனார். பாதித் தலை வெட்டியிருந்தபோது கடை வானொலி இனி இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது என்று சொன்னது. உள்ளே போகும்போது கார்ப்பரலாக இருந்தவர் வெளியே வரும்போது வெறும் நபோராக இருந்தார். கொட்டடியில் இருந்தவர்கள் போர்வையைச் சுருட்டிக்கொண்டு காப்பி அறுவடைக்குப் போனார்கள். ஊர் ஜனம் கொட்டடிச் சுவரைக் கடப்பாரையால் இடித்துக் கொண்டாடியது. வாசலில் நின்றவனிடம் வந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைநகரிலும் இப்படி யாராவது நின்றிருந்தால் நல்லதாகப் போயிருக்கும், ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பார்கள். நின்றது சான் எப்ரைனில்.

அவனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மனைவி எத்தெல்வினா அன்று சாயங்காலம் கோபமாகத்தான் வந்தாள். "எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. நீங்க மட்டும் யாருக்காக நிக்கிறீங்க?" என்று கேட்டாள். "கார்ப்பரல் வந்து பாரா மாத்தட்டும். இதோ வந்துடுவாரு. நீ போய்க் காப்பி போடு," என்றான் எலாதியோ. அவனுக்கு அப்போதுதான் எட்டு மணி. அவள் போய்க் காப்பி போட்டாள். அது ஆறியது. மறுநாளும் போட்டாள்.

வருடங்கள் போயின. கொட்டடி பெண்கள் பள்ளிக்கூடமாயிற்று, பிறகு பூகம்பத்தில் விழுந்தது, பிறகு புல் முளைத்த காலிமனையானது. இல்லாத வாசலில் எலாதியோ நின்றான். எத்தெல்வினா தையல் தைத்துப் பிழைத்தாள். அவளுக்கு முப்பது வயதானபோது அவனுக்கு இருபத்திரண்டு. அவளுக்கு நாற்பதானபோதும் இருபத்திரண்டு. அந்த வயதுவரை நீங்க, வாங்க என்றுதான் பேசிவந்தாள். பிறகு ஒருநாள் தன் மீசை சரியாக இருக்கிறதா என்று அவன் கேட்டான். பெற்றிருந்தால் மூத்த பிள்ளைக்கு இப்போது இவன் வயது இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து நீ, வா, போ என்றாகிவிட்டது. அவனுக்கு அது கவனத்துக்கே வரவில்லை.

அவள் சும்மா இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. தலைநகருக்குப் பேருந்தில் போய் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். போலீஸைக் கவனிக்கும் இடத்தில் சிப்பாய் எங்கள் கணக்கில் வரமாட்டான் என்றார்கள். பழைய பொருள்களைக் காக்கும் இடத்தில் உயிரோடிருப்பவரை நாங்கள் எடுப்பதில்லை என்றார்கள். கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் மட்டும் மரியாதையாக உட்காரவைத்து விளக்கினான். "எத்தெல்வினா அம்மா, அவரைப் பாராவிலேருந்து இறக்கணும்னா ஒரு ராணுவ அதிகாரி வேணும். அதிகாரி வேணும்னா ராணுவம் வேணும். ராணுவம் கூடாதுன்னு அரசியல் சட்டமே சொல்லுது. நம்ம நாட்டுக்கே அதுதானே பெருமை?" "பெருமையை நான் எங்க வச்சுக்கறது தம்பி? என் வீட்டுல ஆள் இல்லையே," என்றாள் அவள். அவன் அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினான்.

நபோர் உரேன்யாவோ ஊரிலேயே பாலாடைக்கட்டிக் கடை வைத்துக்கொண்டு, கொட்டடித் தெருவை மட்டும் தவிர்த்து, மூன்று தெரு சுற்றிக் கடைக்குப் போய்வந்தார். வெட்கம். எத்தெல்வினா கடைக்குள்ளேயே போய் அவரைப் பிடித்து இழுத்துவந்தாள். "போப்பா எலாதியோ, வீட்டுக்குப் போ," என்றார் அவர். எலாதியோ அவருடைய ஏப்ரனை மேலும் கீழும் பார்த்து, கார்ப்பரலுக்கான கைப்பட்டை எங்கே என்று கேட்டான். அவருடைய சீருடை சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போய் வெகுகாலமாகியிருந்தது. எத்தெல்வினா ராத்திரி முழுக்க உட்கார்ந்து புதிதாகத் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நபோர் மறுபடியும் வந்து உத்தரவிட்டார். எலாதியோ சந்தோஷமாக விறைத்து நின்று சல்யூட் அடித்தான். "சரிங்க கார்ப்பரல். மாத்து ஆள் எங்க? ஆள் இல்லாம பாராவை விட்டுப் போகக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?" நபோர் எத்தெல்வினாவைப் பார்த்தார். ஆமாம், அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஒரு நிமிடம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நிற்க ஓர் ஆள். அவ்வளவுதான் தேவை. சான் எப்ரைனில் அந்த ஆள் கிடைக்கவில்லை. கடன் கேட்டால் கொடுப்பார்கள், மாடு கேட்டால் கொடுப்பார்கள். "என் புள்ளையா? சிப்பாயா? ஒரு நிமிஷம்னாலும் சிப்பாய் சிப்பாய்தான். இந்த நாட்டுல பொறந்த புள்ள அதுக்கா பொறந்தான்?" என்று ரொட்டிக்காரி கேட்டாள். பள்ளி ஆசிரியர் கொள்கை பேசினார். பாதிரியார் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார். தபால்காரருக்கோ எலாதியோ போவதிலேயே இஷ்டமில்லை. அந்த ஊரில் வீட்டுக்கு எண் கிடையாது. சிப்பாயிலிருந்து நூறு மீட்டர் தெற்கே, சிப்பாயிலிருந்து ஐம்பது மீட்டர் மேற்கே என்றுதான் பாதி ஊருக்கு முகவரி. "அவரு போயிட்டா நான் எதை வச்சுக் கடுதாசி குடுக்கிறது?" என்றார். எத்தெல்வினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்களைச் சொல்லி என்ன, தானே போய் நிற்கலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதான். சுவர் இடித்த அன்று ஒரு செங்கல்லை எடுத்துவந்து அலமாரியில் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு செப்டம்பர் பதினைந்தாம் தேதியும் சுதந்திர நாள் ஊர்வலம் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். பட்டாளம் இல்லாத நாட்டில் பள்ளிப் பிள்ளைகள்தான் கொட்டு அடித்துக்கொண்டு அணிவகுப்பார்கள். கொட்டுச் சத்தம் கேட்டதும் எலாதியோ முகம் மலர்ந்து, "வந்துட்டாங்க," என்பான். பிள்ளைகள் அவனைத் தாண்டிப் போய்விடுவார்கள். எத்தெல்வினாவுக்கு எழுபது தாண்டிய வருடமும் அப்படியே சொன்னான். அடுப்பில் கறுப்புப் பயறை வேகவைத்துவிட்டு, அவனுக்குக் காப்பி கொண்டுவந்து, முழங்கால் வலியோடு வெயிலில் நின்றிருந்தாள் அவள். "வந்துட்டாங்க எத்தெல்வினா. நீ போ, நான் பின்னாலயே வர்றேன்," என்றான். அவளுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. தெருமுனையில் ஊர்வலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நபோரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய், தான் தைத்துக் கொடுத்த சீருடையை மாட்டவைத்துக் கூட்டி வந்தாள். அவர் தடியூன்றி நடக்கும் கிழவராகியிருந்தார். "சொல்லுங்க. நான்தான் மாத்து ஆள். சொல்லித் தொலைங்க."

"பொம்பளை எப்படி..." என்று நபோர் இழுத்தார். கூட்டம் முணுமுணுத்தது. எலாதியோ கொஞ்சம் யோசித்தான். "கூடாதுன்னு விதி இல்லைங்க கார்ப்பரல்," என்றான். நபோர் உத்தரவிட்டார். துப்பாக்கி கை மாறியது.

அந்தக் கணமே அவள் முழங்கால் வலி நின்றுவிட்டது. வெயில் சுடவில்லை. பசி இல்லை, வீட்டு ஓட்டில் ஒழுகும் இடம் ஞாபகத்தில் இல்லை, தனிமை இல்லை. இதமான காலை எட்டு மணி, யாரோ இதோ வந்துவிடப் போகிறார்கள், அதுவரை எதையும் தீர்மானிக்க வேண்டாம். எத்தெல்வினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தனை வருடமும் இந்த ஆள் சுகமாக நின்றிருக்கிறான். அவன்மேல் பரிதாபப்பட்டு எத்தனை ராத்திரி அழுதிருக்கிறாள். வந்த ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணே இருட்டியது. ஆனாலும் கால் அசையவில்லை. நின்றுவிடலாம் என்றுதான் இருந்தது. அப்போது காற்றில் பயறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

"ஐயோ, என் பயறு," என்றாள். துப்பாக்கியை ஈர மண்ணில் நட்டுக்குத்தலாகச் செருகி, "நீ நில்லு," என்று அதனிடம் சொல்லிவிட்டுப் பாராவை விட்டு இறங்கினாள். முழங்கால் வலி உடனே திரும்பி வந்தது. அந்த நாட்டு ராணுவத்திலிருந்து கடைசியாக ஓடிப்போனவள் அவள்தான். யாரும் துரத்தவில்லை.

வீடு அங்கிருந்து வடக்கே முந்நூறு மீட்டர், கிழக்கே ஐம்பது. எலாதியோ அவள் பின்னாலேயே வந்தான். மருந்துக்கடை வருவதற்குள் அவனுக்கு இடுப்பு தடித்தது. சீனர் கடையருகே முன்நெற்றி ஏறியது. வெட்டிப்போட்ட அத்திமரம் இருந்த முனையில் மூச்சு வாங்க நின்று, மீசையைத் தடவிப் பார்த்தான். வெள்ளையாகியிருந்தது. "எத்தெல்வினா, மெதுவாப் போ. காலு வலிக்குது," என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். தன் வயதுக் கிழவர் ஒருவர் தொளதொளத்த சீருடையில் நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவள் வாயில் மரியாதை தானாக வந்தது. "வலிக்கட்டும். எனக்கு வலிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள். பிறகு கையை நீட்டினாள்.

பயறு முக்கால்வாசி கரிந்துபோயிருந்தது. மேலாக எடுத்துச் சோற்றில் போட்டு வதக்கிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உப்பு கம்மி என்றார்.

துப்பாக்கி அடுத்த மழைக்குத் துளிர்த்தது. அந்தப் பக்கத்தில் வேலிக்கு நடும் குச்சிகள்கூட வேர்பிடித்து மரமாகிவிடும் என்பதால் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஆரஞ்சு நிறத்தில் பூக்கிறது. தபால்காரர்தான் கொஞ்சநாள் முனகினார். இப்போது பாதி ஊருக்கு முகவரி அந்த மரத்திலிருந்துதான்.