கொள்ளைக்காரனுக்கு மூன்று நிமிடம்

எங்கள் அட்டவணையில் நாற்பத்து மூன்று வரிசைகள். வரிசைக்கு ஒரு கதாபாத்திரம். நாற்பத்து மூன்றில் ஒன்று மட்டும் தவறு, அந்தத் தவறு என்னுடையது. மூன்று முறை சரிபார்த்த பிறகும் அது அங்கேயே இருந்தது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பகலில் நான் ஒசாகாவில் ஒரு ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறேன். வாரம் மூன்று நாள், மாலை ஏழு முதல் ஒன்பது வரை, தொழிற்பயிற்சிப் பள்ளியின் நான்காவது மாடியில் கேம் கதை வகுப்பு. கட்டம் போட்ட வரைபடத்தில் வீரர்களை ஒவ்வொருவராக நகர்த்திப் போரிடும் கேம்களுக்குக் கதை எழுதக் கற்றுத்தருகிறார்கள். நாகாய் டீச்சர் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம், கதாபாத்திரங்கள் சாகும்போது பேசும் வசனங்களை மட்டும் எழுதியவர்.

"ஆயிரத்து அறுநூறு பேரைக் கொன்னிருக்கேன்" என்று முதல் வகுப்பிலேயே சொன்னார். "ஒருத்தனும் ரெண்டு வரிக்கு மேல பேசினதில்ல. வரிக்கு இருபது எழுத்து. அதுக்கு மேல பேசணும்னா உயிரோட இருக்கணும்."

இந்தக் கதைகளின் ஆட்களை நாங்கள் மனப்பாடம் செய்தோம். முதல் அத்தியாயத்தில் அப்பாவை இழக்கும் இளவரசன். தான் இளவரசி என்று தெரியாத பூசாரிப் பெண். இளவரசனின் அண்ணன்தான் என்று அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த முகமூடிக்காரன். ஆரம்பத்தில் எல்லோரையும்விடப் பலசாலியாக இருந்து கடைசியில் எதற்கும் உதவாமல் போகும் கிழட்டுத் தளபதி. எதிரிப் படையில் கூலிக்கு வந்து, பூசாரிப் பெண் ஒரு வார்த்தை பேசியதும் அணி மாறும் வாள்காரன்.

பிறகு முதல் அத்தியாயத்துக் கொள்ளைக்காரன். கையில் கோடாலி, முகத்தில் மழிக்காத தாடி. ஆடுபவருக்கு எந்த பட்டனை அழுத்தினால் அடிக்கலாம் என்று கற்றுக்கொடுப்பதுதான் அவன் வேலை. கற்றுக்கொடுத்ததும் செத்துவிட வேண்டும்.

வருடக் கடைசியில் வகுப்பே சேர்ந்து பன்னிரண்டு அத்தியாயத்தில் ஒரு கேம் செய்தது. யாருக்கு எந்த ஆள் என்று சீட்டுக் குலுக்கினோம். இக்கெயுச்சிக்கு முகமூடிக்காரன் விழுந்தான். அவன் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், கம்ப்யூட்டர் புரோகிராமும் அவன்தான் எழுதினான். எனக்குக் கொள்ளைக்காரன்.

"ஒகுனோவுக்கு அதிர்ஷ்டம்டா, நாலே வசனம்" என்றான் இக்கெயுச்சி. "அரை மணி நேரத்துல முடிச்சிடுவா."

எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்று, 'ஏய், அந்த மூட்டையைக் கீழ வை!' இரண்டு, 'பொடியா, பல்லைப் பேத்துடுவேன்!' மூன்று, சிரிப்பு. நான்கு, சாகும் வசனம்: 'நானா... தோற்றேன்...' நேரம் மிச்சமிருந்ததால் அட்டவணைப் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள்.

குரல்களுக்கு இரண்டாம் மாடியில் நடக்கும் குரல் நடிப்பு வகுப்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொள்ளைக்காரனுக்கு வந்தவர் குராமிட்சு அண்ணன். வயது ஐம்பத்திரண்டு, பகலில் மீன் அப்பம் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். கட்டடம் அதிரும் குரல். நான்கு வருடமாக அந்த வகுப்பில் இருக்கிறார், நான்கு வருடமும் முதல் அத்தியாயத்துக் கொள்ளைக்காரன்.

"போன வருஷம் கொஞ்சம் முன்னேற்றம்மா" என்றார். "கொள்ளைக்காரனுக்குப் பேர் வச்சிருந்தாங்க."

அவருடைய சிக்கல் இதுதான். முடிக்கப்பட்ட ஒரு படைப்பில் மூன்று நிமிடம் குரல் கேட்டால்தான் அந்த வகுப்பில் சான்றிதழ். கொள்ளைக்காரனாக அவருக்குக் கிடைப்பது பதினைந்து, இருபது விநாடி. நான்கு வருடத்துக்கு மேல் யாரையும் வைத்திருக்க மாட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் எந்த கேம் கம்பெனியின் குரல் தேர்வுக்கும் போக முடியாது. இந்த வருடம்தான் கடைசி.

ஒலிப்பதிவு அன்று கீழே இருக்கும் இயந்திரத்தில் சூடான சோள சூப் டப்பா ஒன்று வாங்கி வந்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எழுதிய சாகும் வசனத்தை நான்கு முறை பேசினார். நான்கு முறையும் அது வசனமாகத்தான் இருந்தது. ஐந்தாவது முறை தரையில் மண்டியிட்டு, கண் அந்த டப்பாவின் மேல் போய், "ஐயையோ... சூப்பு ஆறிடுமே... வீட்ல வச்ச சூப்பு... ஆறிடுமே..." என்று இழுத்தார். ஒன்பது விநாடி. அதோடு அறையை நாங்கள் முன்பதிவு செய்திருந்த நேரம் முடிந்தது, அதுவே நிலைத்துவிட்டது.

"மன்னிச்சுக்கம்மா. பசி" என்றார்.

இப்போது அட்டவணை. இந்த வகை கேம்களில் தோற்றவர்கள் எல்லோரும் சாவதில்லை. பின்னால் கதைக்குத் தேவைப்படுகிறவர்கள், மார்பில் ஈட்டி பாய்ந்தாலும், 'இப்போதைக்குப் பின்வாங்குகிறேன்' என்று சொல்லிவிட்டு நடந்தே போவார்கள். மற்றவர்கள் செத்துவிடுவார்கள். நான் ஒரு பத்திக்கு 'சாவானா?' என்று தலைப்புப் போட்டு, சாகிறவர்களுக்கு வட்டமும் மற்றவர்களுக்குப் பெருக்கல் குறியும் போட்டிருந்தேன்.

"சாகறவங்களுக்கு வட்டம் போடாதம்மா, பரீட்சைல சரியான விடைக்கு வட்டம் போட்ட மாதிரி இருக்கு" என்றார் டீச்சர். "'கதைக்குத் தேவையா'ன்னு தலைப்பை மாத்து."

தலைப்பை மாற்றி, குறிகளையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கினேன். நாற்பத்து இரண்டு பேருக்கு. முதல் வரிசையில் இருந்த கொள்ளைக்காரனை, எப்படி நிரப்புவது என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்கான மாதிரியாகச் சாம்பல் நிறம் பூசி வைத்திருந்தேன். கண் ஒவ்வொரு முறையும் அதைத் தலைப்பு என்று தாண்டிப் போனது. அவனுடைய வட்டம் அப்படியே நின்றது. கொள்ளைக்காரன் கதைக்குத் தேவையானவன் ஆகிவிட்டான்.

இக்கெயுச்சியின் புரோகிராமில் ஒரு சோம்பேறித்தனம் இருந்தது. கதைக்குத் தேவையானவர்கள், உயிரோடு இருக்கும்வரை, ஆட்கள் கூடும் எல்லாக் காட்சிகளிலும் தானாக வந்து நிற்பார்கள். அந்த இடத்தில் அவர்களுக்கு எழுதி வைத்தது எதுவும் இல்லாவிட்டால், பதிவான குரலில் ஏதாவது ஒன்றை கேமே எடுத்துப் போடும்.

கேமை எல்லோர் முன்னும் ஆடிக்காட்டும் காட்சி நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் முழு கேமையும் ஓடவிட்டுப் பார்த்தோம். முதல் அத்தியாயத்தில் கொள்ளைக்காரன் இளவரசனின் ஈட்டியை மார்பில் வாங்கி, 'சூப்பு ஆறிடுமே' என்று விழுந்தான். இரண்டாம் அத்தியாயத்தில் அரசரின் மரணப் படுக்கை. சுற்றிலும் பிரபுக்கள், அவர்களுக்கு நடுவே கோடாலியோடு அவன்.

"மகனே, இந்த நாட்டை உன்னிடம்..." என்றார் அரசர்.

"ஏய், அந்த மூட்டையைக் கீழ வை!" என்றான் கொள்ளைக்காரன்.

பூசாரிப் பெண் தன் பிறப்பு ரகசியம் அறிந்து அழுதபோது அவன் சிரித்தான். ஒன்பதாம் அத்தியாயத்தில் முகமூடிக்காரன் முகமூடியைக் கழற்றி, 'தம்பி... நான்தான்' என்றபோது, 'பொடியா, பல்லைப் பேத்துடுவேன்!' என்றான்.

"யாருடா இவனை உள்ள விட்டது?" இக்கெயுச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "எட்டு மாசமா எழுதினேன்டா அந்தக் காட்சியை!"

நான் அட்டவணையைத் திறந்தேன். முதல் வரிசையைப் பார்த்தேன். "என் தப்பு" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை சொன்னேன்.

திருத்துவது அரை விநாடி வேலை. ஆனால் அதற்கு முன் எண்ணிப் பார்த்தேன், அது என் வழக்கம். கொள்ளைக்காரன் முப்பத்தெட்டு இடத்தில் வாய் திறக்கிறான். நான்கு பதிவுகளின் சராசரியால் பெருக்கி, முதல் அத்தியாயத்தையும் கூட்டினால் இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. ஒன்றிரண்டு சூப் கூடுதலாக விழுந்தால் மூன்று நிமிடம் தாண்டும்.

இடைவேளையில் இரண்டாம் மாடிக்குப் போய் குராமிட்சு அண்ணனிடம் சொன்னேன்.

"தப்புன்னா திருத்திடும்மா" என்றார் உடனே. "தப்புல கிடைச்ச நிமிஷம் எனக்கு எதுக்கு? நான் ஒண்ணும் நிஜக் கொள்ளைக்காரன் இல்ல." படியில் இரண்டடி இறங்கினார். திரும்பினார். "எவ்வளவுன்னு சொன்னே?"

"ரெண்டு நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடி, அண்ணே. சராசரியா."

"சராசரியா" என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மேலே வந்து எல்லாவற்றையும் வகுப்பில் சொன்னேன். சத்தம் அடங்க நேரமானது. அவனைக் கொன்றே ஆக வேண்டும் என்றான் இக்கெயுச்சி. டீச்சர் மட்டும் யோசித்தார்.

"நம்ம தொழில்ல ஒரு மரபு உண்டு" என்றார். "செத்தவன் திரும்பி வரலாம். அவனை எழுதினவங்க திரையில வர்ற ஒரு எழுத்துப் பெட்டிக்குள்ள காரணம் சொல்லணும். ரெண்டு வரி, வரிக்கு இருபது எழுத்து. நான் படிச்சுட்டு 'சரி, இருக்கலாம்'னு சொன்னா அவன் உயிரோட இருப்பான். வியாழக்கிழமை வரைக்கும் டைம்."

ஆறு நாள். பதினான்கு காரணம் எழுதினேன். அவனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன் என்று ஒன்று. அவன் முகமூடிக்காரனுக்கும் அண்ணன் என்று ஒன்று. சாபம், மூலிகை, ஈட்டியைத் தடுத்த காசு மாலை. எல்லாமே எங்கேயோ படித்தவை. பதினைந்தாவதை எழுதவே பயமாக இருந்தது. எனக்குக் கதை எழுத வராது, அட்டவணை நிரப்பத்தான் வரும், இப்போது அதுவும் வரவில்லை என்று நோட்டில் எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன்.

புதன்கிழமை கவுண்ட்டருக்கு ஒரு ஆள் வந்து ஒற்றைக் கையுறையைக் கேட்டார். முந்தின நாளே கேட்டு, எடுத்துக்கொள்ளாமல் போனவர். ஏன் போனீர்கள் என்று படிவத்தில் எழுத வேண்டியிருந்தது.

"வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், வந்தேன்" என்றார்.

அதை அப்படியே படிவத்தில் எழுதினேன். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை டீச்சர் என் தாளைச் சத்தமாகப் படித்தார்.

"'வீட்டுக்குப் போனான். சூப் குடித்தான். மறுநாள் திரும்பி வந்தான்.'"

"மார்புல ஈட்டி?" என்றான் இக்கெயுச்சி.

"சூப் குடிச்சான்ல" என்றேன்.

"எதுக்குத் திரும்பி வரான்? அதுவும் நம்ம பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"ஒரு பொண்ணு 'வாங்க'ன்னதும் வாள்காரன் அணி மாறுறான், அவனை எதுக்குன்னு கேட்டியா?" என்றார் டீச்சர். விரலால் எழுத்துகளை எண்ணினார். முதல் வரி பதினாறு, இரண்டாவது பன்னிரண்டு. "சரி, இருக்கலாம்."

காட்சி நாள், ஞாயிறு காலை பத்து மணி. செய்தவர்கள் ஆடக்கூடாது என்பது பள்ளி விதி. அதனால் வரவேற்பு மேசையில் இருக்கும் த்சுஜீ அம்மா ஆடினார். வாழ்நாளில் கேம் தொட்டதில்லை. குரல் வகுப்பின் தேர்வாளர் சக்காமாகி அம்மா இரண்டு நிறுத்தக் கடிகாரங்களோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வருடம் சான்றிதழுக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒரு கடிகாரம் குராமிட்சு அண்ணனுக்கு. இன்னொன்று மொரிவாகிக்கு. அந்தப் பையனுக்கு இருபத்தொரு வயது, குரலுக்கு எழுபது. கிழட்டுத் தளபதி அவன்தான். அதிகம் பேசுகிற பாத்திரம், அவனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

முதல் அத்தியாயத்திலேயே சிக்கல்.

"இவரை எதுக்கு அடிக்கணும்?" என்றார் த்சுஜீ அம்மா. "மூட்டையைக் கீழ வைன்னுதானே சொன்னார்?"

இளவரசனை நகர்த்திப் போய் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். கொள்ளைக்காரனைத் தோற்கடிக்காமல் அத்தியாயம் முடியாது. பத்து சுற்று. பதினைந்து சுற்று. பத்தொன்பதாவது சுற்றில் பின்வரிசையிலிருந்து கட்டடம் அதிர்ந்தது.

"அடிங்கம்மா! தயவுசெஞ்சு அடிங்க! வலிக்காது!"

"அந்தக் கொள்ளைக்காரர் இவர்தானா?" என்று த்சுஜீ அம்மா திரும்பிப் பார்த்து, எழுந்து வணங்கி, மன்னிப்புக் கேட்டுவிட்டு அடித்தார். சூப் ஆறியது. கறுப்புத் திரையில் என் இரண்டு வரிகள் வந்தன. யாரோ சிரித்தார்கள். "நல்லது, சாப்பிட்டாரா" என்றார் த்சுஜீ அம்மா.

அதன் பிறகு அவர் நன்றாகவே ஆடினார், ஒன்றைத் தவிர. கிழட்டுத் தளபதியை ஒவ்வொரு போரிலும் கோட்டையின் மூலையில் கொண்டு போய் நிறுத்தினார். "வயசானவர், உக்காரட்டும்." போரிடாதவன் பேச மாட்டான். மொரிவாகி நகம் கடிக்க ஆரம்பித்தான்.

மாலை நான்கு மணிக்கு முடிசூட்டு விழா. அது முப்பத்தெட்டாவது இடம். கொள்ளைக்காரன் மூன்றாவது ஆளாக நின்றான். கேம் அவனுக்குச் சிரிப்பை எடுத்துப் போட்டது. இரண்டு விநாடி. சக்காமாகி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம் ஐம்பத்தேழு."

குராமிட்சு அண்ணன் தன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு, இந்த வகை கேம்களில் எப்போதும் வருவது போல, போருக்குப் பின் யார் என்ன ஆனார்கள் என்ற பக்கங்கள் வந்தன. முழு கேமையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அவற்றைச் சேர்த்திருந்தோம். ஆளுக்கு ஒரு படம், கீழே இரண்டு வரி. எழுத்து மட்டும், குரல் கிடையாது. இளவரசன் நல்லாட்சி புரிந்தான். வாள்காரன் எங்கோ போனான். கடைசிப் படம் கொள்ளைக்காரன். கீழே வெற்றிடம்.

அந்தக் கட்டம் காலியாக இருப்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் மூன்று முறை பார்த்தேன். அவன் என்ன ஆனான் என்று முடிவு செய்ய முடியவில்லை, விட்டுவிட்டேன். எழுத்து இல்லாத இடத்தில் கேம் என்ன செய்யும் என்பதை மட்டும் மறந்திருந்தேன்.

"ஐயையோ... சூப்பு ஆறிடுமே... வீட்ல வச்ச சூப்பு... ஆறிடுமே..."

ஒன்பது விநாடி. கடிகாரம் சொடுக்கியது.

"மூணு நிமிஷம் ஆறு விநாடி" என்றார் சக்காமாகி அம்மா. "சிரிப்பையும் குரலாத்தான் எடுத்துக்கறோம். குராமிட்சு, பாஸ்." இன்னொரு கடிகாரத்தைத் தூக்கினார். "மொரிவாகி, ரெண்டு நிமிஷம் ஐம்பத்து நாலு. வருத்தம்தான்."

இக்கெயுச்சிதான் முதலில் கைதட்டினான். குராமிட்சு அண்ணன் தட்டவில்லை. மொரிவாகியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, கழித்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. பிறகு எழுந்து நின்றார்.

"அம்மா, எனக்கு ஆறு விநாடி மிச்சம் இருக்கு" என்றார். "அதை அந்தப் பையனுக்குக் குடுக்கலாமா?"

சக்காமாகி அம்மா பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் நின்றபடியே காத்திருந்தோம். த்சுஜீ அம்மா கீழே போய் எல்லோருக்கும் சூடான சூப் டப்பா வாங்கி வந்தார்.