தறிக்குழிக் குஞ்சுகள்

தறிக்குழியில் கோழிக்குஞ்சு வளர்ப்பது நகரியில் யாரும் செய்கிற காரியமில்லை. தாட்சாயணி செய்தாள், அந்த வருஷம் குழி காலியாகக் கிடந்ததால். திருத்தணி மெட்ராஸோடு சேர்ந்து, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்ட பங்குனி அது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த நூல் நின்றுபோனது. நெசவாளர் சொசைட்டியில் போய்க் கேட்டால் "வரும்" என்று தமிழிலும் "வஸ்துந்தி" என்று தெலுங்கிலும் சொல்லி அனுப்பினார்கள்.

அவள் புருஷன் நாகபூஷணத்துக்கு க்ஷயரோகம். திருப்பதி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "மந்து பாதிதாம்மா, மிச்சம் தீனி. ரோஜுக்கு ஒக குட்டு" என்றார் டாக்டர். மருந்து பாதி, சாப்பாடு பாதி, தினம் ஒரு முட்டை. தறி ஓடாத வீட்டில் முட்டை வாங்க வழியில்லை. வழி இருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை, ஏனென்றால் மாசியில் வந்த கழிச்சல் நோய் தெருவில் இருந்த கோழிகளை வாரிக்கொண்டு போயிருந்தது. தாட்சாயணி வீட்டில் மிஞ்சியவை கறுப்பி, கீரி என்று இரண்டு கிழட்டுப் பெட்டைகள். கறுப்பி ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை வைத்தது. கீரி வைப்பதையே விட்டுவிட்டது.

பிளாக் ஆபீஸ்காரர் ஒரு கூடை வெள்ளைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். சீமைக் கோழி, லெகார்ன். இப்போது வளர்த்தால் தீபாவளிக்கு முட்டைக்கு வந்துவிடும், அநேகமாகத் தினமும் வைக்கும் என்றார் அவர். தாயில்லாத குஞ்சுகள். இறக்கைக்கு அடியில் கிடைக்க வேண்டிய சூட்டை யாராவது கொடுத்தாக வேண்டும்.

அதற்குத் தறிக்குழியைவிடத் தோதான இடம் இல்லை. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பலகையை மிதிப்பதற்காகத் தோண்டிய மண்குழி. காற்று அடிக்காது, பூனை சட்டென்று இறங்காது. ஓட்டைச் சட்டியால் மூடிய கங்குச்சட்டி ஒன்றை நடுவில் வைத்தாள். சூடு சரியா என்று குஞ்சுகளே சொல்லும். குளிர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கும். சூடு கூடினால் சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளக்கும். பரவலாகப் படுத்திருந்தால் கவலையில்லை. வைகாசி பிறப்பதற்குள் பஞ்சு மயிர் உதிர்ந்து நல்ல இறகு வந்தது.

அப்போதுதான் நூல் வந்தது. உடனே தறியில் பாவு ஏற்றி நெய்யத் தொடங்காத வீட்டுக்கு அடுத்த தடவை நூல் கிடையாது என்று சொசைட்டியில் சொல்லிவிட்டார்கள். நாகபூஷணத்தால் தறியில் உட்கார முடியாது. அவள் உட்கார வேண்டும், அவள் கால் குழிக்குள் இறங்க வேண்டும். குஞ்சுகள் வெளியே போயே ஆக வேண்டும்.

கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. தீனியில் யார் முதலில் வாய் வைப்பது, யார் ஒதுங்கி நிற்பது என்பதெல்லாம் அவைகளுக்குள் கொத்திக் கொத்தி முடிவானவை. புதிதாக ஒரு தலை தெரிந்தால் வரிசை கலைந்துவிடும், திரும்பவும் கொத்து ஆரம்பிக்கும். தாய்க்கோழி இருந்தால் குறுக்கே பாயும். இந்தக் குஞ்சுகளுக்கு அது இல்லை. அதனால் தாட்சாயணி அவசரப்படவில்லை. வீட்டிலிருந்த ஒரே மூங்கில் கூடையைப் புழக்கடையில் கவிழ்த்து, குஞ்சுகளை அதற்குள் விட்டு, கூடையைச் சுற்றிக் கம்பைத் தூவினாள். கிழடுகள் வெளியே தின்றன, குஞ்சுகள் உள்ளே தின்றன. நடுவில் மூங்கில். கறுப்பி முதலில் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து கொத்திப் பார்த்தது. நாலைந்து நாளில் அலுத்துப்போய்விட்டது. கூடையைத் தூக்கியபோது ஒன்றிரண்டு கொத்தோடு விஷயம் முடிந்தது.

அன்று மத்தியானம் பருந்து வந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் இன்னொன்றை.

"பளபளன்னு வெள்ளையா இருந்தா மேலேருந்து தெரியாம இருக்குமா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள், வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து. "மல்லிப்பூ கொட்டினாப்ல கீது."

தாட்சாயணிக்கு அது ஒன்று போதும். வெள்ளை போனால் பருந்து கண்ணில் படாது. பண்டிகையில் விற்கிற குஞ்சுக்கு நிறம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறாள். வீட்டில் சேலை நூலுக்குக் கரைத்த சிவப்புச் சாயம் தொட்டியில் மிச்சமிருந்தது. சாயங்காலமே குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து முக்கி எடுத்தாள். ஒன்று மட்டும் கையை உதறிக்கொண்டு ஓடி விறகு அடுக்குக்குள் புகுந்துகொண்டது. விட்டுவிட்டாள்.

காலையில் கன்னியம்மாள் சிரியாய்ச் சிரித்தாள். "இன்னாடி, குஞ்சுக்கெல்லாம் பொடவ கட்டி வுட்டுட்ட? ரவிக்க எங்க?"

"நீ சிரிச்சிக்கினே இரு யக்கா. பருந்து வந்து தேடிட்டுப் போவும்."

குஞ்சுகளைத் திறந்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த நாகபூஷணத்திடம், "தோ, பாத்துக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினாள். குறுக்கு நூல் ஓடும் நாடாவை நாலுதரம் வீசியிருப்பாள். புழக்கடையில் கீச்சென்று ஒரு சத்தம், பிறகு இறக்கைகள் அடிக்கிற சத்தம், அதற்கு மேலாக நாகபூஷணத்தின் இருமல். மிதிப்பலகைக் கயிற்றில் கால் மாட்டிக்கொண்டது. அறுத்துக்கொண்டு ஓடினாள்.

நாகபூஷணம் கையில் குச்சியோடு தரையில் உட்கார்ந்து, மூச்சு கிடைக்காமல் இருமிக்கொண்டிருந்தான். ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. இன்னொன்றின் உச்சந்தலைத் தோல் உரிந்திருந்தது. கறுப்பி அதன்மேல் ஏறி நின்று இன்னும் கொத்திக்கொண்டிருந்தது, கீரி பின்னாலிருந்து. தாட்சாயணி கறுப்பியைக் காலால் எத்தித் தள்ளினாள்.

"நேத்து வரைக்கும் ஒண்ணா துன்னுக்கினு இருந்துச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, இன்னா ஆச்சு ஒனக்கு?"

நாகபூஷணம் இருமிக்கொண்டே குச்சியால் ஒரு பக்கம் காட்டினான். விறகு அடுக்கின் ஓரத்தில் கறுப்பி போய் மண்ணைக் கிளறியது. அதன் மூக்கடியிலேயே, சாயத்துக்குத் தப்பிய வெள்ளைக் குஞ்சு புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. கறுப்பி அதைச் சட்டை செய்யவே இல்லை.

அப்போது அவளுக்குப் புரிந்தது. கூடைக்கு வெளியே நின்று கறுப்பி பழகிக்கொண்டது வெள்ளைக் குஞ்சுகளோடு. இவை வேறு குஞ்சுகள். அதோடு சிவப்பு. கோழிக்குச் சிவப்பு என்றால் ரத்தம், ரத்தம் கண்டால் கொத்தாமல் அதனால் இருக்க முடியாது. உடம்பு முழுக்க ரத்தம் பூசிய அந்நியர்களாக்கி அவளே குஞ்சுகளைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் தெளிவாகவே வடிந்தது. வெளுக்க வெளுக்கப் போகாத சாயம் என்று நகரிச் சேலைக்குப் பெயர். குஞ்சுகள் கையில் நடுங்கின. அழுதுகொண்டே தோசைக்கல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து எல்லாத் தலைகளிலும் காயத்திலும் பூசினாள். சிவப்பு மங்கியது. ஆனால் அந்நியம் போகவில்லை. கறுப்பி தூரத்திலிருந்தே கழுத்து மயிரைச் சிலிர்த்தது.

இருப்பது ஒரே கூடை. குஞ்சுகள் இனியும் அதற்குள் நாள்கணக்கில் அடைத்துவைக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டன, நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். குழிக்குத் திரும்ப முடியாது. அப்படியானால் கூடைக்குள் போக வேண்டியது கறுப்பி. மூத்த கோழியை அடைத்துவிட்டால் வரிசையின் தலை போய்விடும். கீரி தனியாக நின்று வம்புக்குப் போகாது. குஞ்சுகள் புழக்கடையைத் தங்களுடையதாக்கிக்கொள்ளும். பிறகு திறந்துவிட்டால் கறுப்பிதான் புதுசு.

ஆனால் மிரண்ட கோழி முட்டை வைக்காது.

"அதையா அடைக்கப் போற?" என்றான் நாகபூஷணம். குரல் கிழிந்திருந்தது.

"வேற வழி சொல்லுங்க."

"நா சொல்ல இன்னா இருக்குது. முட்ட துன்றவன் நானு."

"தெரிஞ்சிதான் கேக்கறேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அடை."

கறுப்பி கூடைக்குள் முட்டிமோதியது, பிறகு சோர்ந்து உட்கார்ந்தது. அன்று முட்டை வர வேண்டிய நாள். வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. இறகு கொட்ட ஆரம்பித்தது. இறகு கொட்டினால் புதிதாக முளைத்து முடிகிறவரை முட்டை பற்றி நினைக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு முட்டைக்காகத் தெரு முழுக்கக் கேட்டாள். கன்னியம்மாள் எங்கிருந்தோ ஒன்று கொண்டுவந்து தந்தாள், சிரிக்கவில்லை. அதற்குமேல் கிடைக்கவில்லை. நாகபூஷணத்தின் கன்னத்தில் எலும்பு தெரிந்தது. தறியில் உட்கார்ந்திருக்கும்போது இருமல் கேட்டால் அவள் கால் மிதிப்பலகையில் நின்றுவிடும்.

குஞ்சுகள் கீரியோடு தின்னப் பழகியபின் ஒரு காலையில் கூடையைத் தூக்கினாள். கறுப்பி வாலில்லாமல், கொண்டை வெளுத்து எழுந்து வந்தது. தீனியை நோக்கி ஓடியது. தலையில் பொருக்கு கட்டிய குஞ்சு நிமிர்ந்து பார்த்தது. கறுப்பி ஒரு கணம் நின்றது, சுற்றிக்கொண்டு போனது, ஓரத்தில் சிதறிய கம்பைப் பொறுக்கியது. யாரும் யாரையும் கொத்தவில்லை.

"அதுங்க பொழச்சிக்கும்" என்றான் நாகபூஷணம் கட்டிலிலிருந்து.

தாட்சாயணி கூடைக்கு அடியிலிருந்த வைக்கோலை, முட்டை ஏதாவது இருக்குமா என்று மறுபடியும் கிளறிப் பார்த்தாள்.

"தீபாவளி எப்ப வருது?" என்று கேட்டான், குஞ்சுகளைப் பார்த்தபடி.

"வந்துரும்."

"எப்பன்னு கேட்டேன்."

அவள் கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "மொதல்ல இத்த குடிங்க" என்றாள். உள்ளே தறி காத்திருந்தது. அவன் கடைசிச் சொட்டைக் குடிக்கிறவரை அவள் அங்கேயே நின்றாள்.