ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு பெட்டிகள்

ஆடிட்டர் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது இதைத்தான். "உங்க நிறுவனத்துல இருக்கற கன்டெய்னர் இமேஜ் ரிப்பாசிட்டரி எல்லாத்துக்கும் ஒரு லிஸ்ட் வேணும். பேர், எப்ப உருவாச்சு, யார் பொறுப்பு. அவ்வளவுதான்."

"அரை மணி நேர வேலை சார்," என்றார் மேனேஜர். செய்யப்போவது அவர் இல்லை என்பதால் அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது.

செய்யப்போகிறவள் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தாள். சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. யாருக்கு எந்த அனுமதி வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் சாவிக்கொத்து என்று பெயர்.

ஒரு மென்பொருள் ஓடத் தேவையானதை எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி வைப்பார்கள். அந்தப் பொட்டலம்தான் இமேஜ். அதன் பழையதும் புதியதும் சேர்ந்து கிடக்கும் பெட்டிதான் ரிப்பாசிட்டரி. எட்டு வருஷமாக அங்கே யார் வேண்டுமானாலும் புதுப் பெட்டி திறந்தார்கள். மூடியவர் எவரும் இல்லை. மொத்தம் எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்து எழுதினால் ஒரு மாசம் ஆகும். நிரலுக்கு நிரல் பேசுகிற ஏபிஐ வழியாக சர்வரிடமே கேட்டால் அதுவே பட்டியல் போட்டுத் தந்துவிடும். சாவிக்கொத்து நாலு வரி நிரல் எழுதி அனுப்பினாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்று சர்வர் முகத்தில் அடித்தாற்போல் பதில் சொன்னது. ஊருக்கெல்லாம் அனுமதி கொடுப்பவள் தனக்குக் கொடுத்துக்கொள்ள மறந்திருந்தாள். கொடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பினாள். கண் சிமிட்டும் நேரத்தில் பட்டியல் வந்து விழுந்தது. நூறு பெட்டிகள்.

மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "சரியா நூறு. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஒழுங்குன்னா இது," என்று சொல்லி, தன் கையாலேயே ஆடிட்டருக்கு அனுப்பி வைத்தார்.

மறுநாள் காலையில் ஆடிட்டர் காகிதமும் பென்சிலுமாக அவள் மேசைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிற மனுஷர்.

"ஒரு சந்தேகம்மா. எனக்கு உங்க தொழில் அவ்வளவா தெரியாது. லிஸ்ட் பார்த்தா மட்டும் படிப்பேன். இதுல எல்லாப் பேரும் ஏ, பி, சி எழுத்துலயே முடிஞ்சிடுது. டி எழுத்துல நீங்க எதுவுமே வைக்கறதில்லையா?"

அவள் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தாள். ஏபிஐ ஒரு தடவைக்கு நூறுதான் தரும். கூடவே அடுத்த பக்கத்துக்கு ஓர் அடையாளச் சீட்டும் தரும். அதைத் திருப்பிக் காட்டினால்தான் அடுத்த நூறு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே நடத்துகிற பாடம் இது.

"மீதி இருக்கு சார். மத்தியானத்துக்குள்ள தந்துடறேன்."

சர்வர் போதும் என்று சொல்லும்வரை விடாமல் கேட்கும்படி நிரலை மாற்றி எழுதி, ஓடவிட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவள் நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் கைகட்டி நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பில் நாற்பதாயிரம் வரிகள் இருந்தன, இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.

"நாற்பதாயிரம் பெட்டியா," என்றார் மேனேஜர். குரலில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம். "நாம இவ்வளவு பெரிய கம்பெனின்னு எனக்கே தெரியாது."

அவள் குனிந்து படித்தாள். முதல் நூறு வரி. அதற்குக் கீழே அதே முதல் நூறு. அதற்கும் கீழே அதே. அடுத்த பக்கத்துச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டாளே தவிர, நீட்டவே இல்லை. சர்வரும் சலித்துக்கொள்ளாமல் நானூறு தடவை முதல் பக்கத்தையே தந்திருந்தது.

"ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்திருக்கு சார்."

"டைரக்டர்கிட்ட சொல்லிட்டேனே," என்றார் அவர்.

"என்னன்னு?"

"நாற்பதாயிரம்னு."

அவள் சீட்டை நீட்டுகிற ஒரு வரியைச் சேர்த்தாள். பதின்மூன்று பக்கம் வந்து சர்வர் நின்றது. ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு. மேனேஜர் அந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு டைரக்டர் அறைக்கும், அங்கிருந்து ஆடிட்டரிடமும் ஓடினார். இந்தத் தடவையாவது தன் வாயால் சரியான எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு.

அவர் போன பிறகுதான் சாவிக்கொத்து பட்டியலை முழுசாகப் படித்தாள். டெஸ்ட். டெஸ்ட்-2. டெஸ்ட்-கடைசி. டெஸ்ட்-சத்தியமா-கடைசி. தொடாதே. தொடாதே-புதுசு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அதற்கெல்லாம் கொஞ்சம் மேலே, ஆயிரத்து நூற்றுச் சொச்சமாவது வரியில்தான் அவள் கண் நிலைகுத்தியது.

சிடுமூஞ்சி-ரிப்போர்ட்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளே திறந்த பெட்டி. திங்கட்கிழமைதோறும் மேனேஜருக்கு அறிக்கை தயாரித்து அனுப்புவது அதற்குள் இருக்கிற மென்பொருள்தான். சிடுமூஞ்சி என்பது மேனேஜர்தான். அவர் கண்ணில் அந்தப் பெயர் படும் என்று அன்றைக்கு அவள் நினைத்தே பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். மருந்துக் கடை வைத்திருப்பவன். கதையைக் கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"ஆயிரம் வரியில ஒரு வரி. எடுத்துடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"உன் கடையில சரக்கு சரிபார்க்க ஆள் வந்தா நீ ஒரு மருந்தை மட்டும் எடுத்து ஒளிச்சு வைப்பியா?"

"அது வேற. அது மருந்து."

"மொத்தம் எத்தனைன்னு ஆடிட்டர்கிட்ட மேனேஜரே சொல்லிட்டார். ஒண்ணு குறைஞ்சாலும் அந்த மனுஷர் பென்சிலோட வந்து நிப்பார்."

அவன் யோசித்தான். "அப்ப நாளைக்கு லீவு போடு."

லீவு போடவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். யார் பொறுப்பு என்ற பத்தி முக்கால்வாசி காலியாக இருந்ததால், பெயர் பெயராக வாசித்துக் கேட்டுவிடலாம் என்று மேனேஜரே முடிவு செய்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இரண்டு மணி நேரம் கழித்து எஸ் எழுத்துக்கு வந்தார்.

"சிடுமூஞ்சி-ரிப்போர்ட்," என்று வாசித்தார். "இது யாரு சிடுமூஞ்சி?"

அறையில் இருந்த மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் உத்தரத்தையும் மூன்று பேர் தங்கள் செருப்பையும் பார்த்தார்கள்.

"இது ஓடுதா?" என்று கேட்டார் ஆடிட்டர்.

"ஓடுது சார்," என்றாள் சாவிக்கொத்து. "நான்தான் பொறுப்பு. திங்கட்கிழமை சாருக்கு வர்ற ரிப்போர்ட் இதுலேர்ந்துதான் வருது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னையா?"

"ஆமா சார். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வச்ச பேரு."

"இப்போ?"

"இப்போ கொஞ்சம் பரவாயில்ல சார்."

ஆடிட்டர் இருமிக்கொண்டே குனிந்து எழுதினார். "பொறுப்பாளர் தெரியுது. பயன்பாட்டில் இருக்கு. என்ன வேலைன்னும் தெரியுது. இந்தப் பக்கத்துல மூணுமே சரியா இருக்கறது இது ஒண்ணுதான்," என்றார்.

"பேரை மாத்துங்க," என்றார் மேனேஜர். காது மடல் சிவந்திருந்தது.

"மாத்தலாம் சார். பதினாலு இடத்துல இந்தப் பேரு எழுதியிருக்கு. எல்லாத்தையும் மாத்திச் சரிபார்க்க ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் ரிப்போர்ட் வராது."

"ரெண்டு வாரம் வராதா?" அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்ப இருக்கட்டும். அடுத்தது என்ன?"

கூட்டம் முடிந்தபோது சொந்தக்காரர் இல்லாத பெட்டிகள் தொள்ளாயிரத்துப் பதினொன்று. அடுத்த வெள்ளிக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அழித்துவிடலாம் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டுப் போனார். சாவிக்கொத்து தன் இடத்துக்கு வந்து, வேறு துறைக்கு மாற்றல் கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு மேனேஜர் வந்தார். கையில் பட்டியலின் ஒரு தாள். சுற்றிலும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது என்னோடது. கூட்டத்துல வாசிக்காம தாண்டிட்டேன். நானும் ஒரு காலத்துல நிரல் எழுதினவன்தான்."

தூங்குமூஞ்சி-பில் என்று இருந்தது.

"தூங்குமூஞ்சி யார் சார்?"

"எனக்கு முன்னாடி என் சீட்ல இருந்தவர். மூணு மணி மீட்டிங்ல தூங்கிடுவார். முழிச்சதும் முதல்லேர்ந்து சொல்லுன்னுவார்." தாளை மடித்தார். "என்னை எதுக்கு அப்படி வச்சீங்க?"

"ஒரே நாள்ல பதினோரு தடவை ரிப்போர்ட்டை மாத்தச் சொன்னீங்க சார். கடைசியில முதல்ல இருந்ததே போதும்னீங்க."

"சொல்லியிருப்பேன்," என்றார் அவர். பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பில் பெட்டியை அழிச்சிடலாமா? ஏழு வருஷமா யாரும் தொட்டிருக்க மாட்டாங்க."

"பொறுப்பாளர் சொன்னா அழிச்சிடலாம் சார்."

"நான்தான் பொறுப்பாளர்," என்று சொல்லிவிட்டு, அது போய்த் தொலைகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.